இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் நடுவில்

செந்துறை
24 ஜூன் 2025

மாமாவுக்கு,

என் லைசென்சோடு போனையும் ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஓட்டும்போது யாருடனாவது பேசிக்கொண்டிருந்தேனா என்று பார்க்க வேண்டுமாம். இங்கே அம்மா வீட்டுக்கு வந்த பிறகு, அம்மாவின் போனில் நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் நான் அழுவதும், நீங்கள் "சரி சரி, அழுவாத" என்று வைத்துவிடுவதுமாக எட்டு நாள் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் என்றால் அழாமல் சொல்லிவிடுவேன்.

அன்று என்ன நடந்தது என்று யாரும் என்னிடம் முழுதாகக் கேட்கவில்லை. வேகம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார்கள். ஐம்பது என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

குன்னம் தாண்டி ஒரு சுண்ணாம்புக்கல் டிப்பருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். நான்காவது கியர். எதிரே வெகுதூரத்துக்கு ஒன்றுமில்லை. வலப்பக்கம் ஏறி மிதித்தேன். வண்டி நகரவே இல்லை மாமா. டிப்பருக்குப் பக்கத்திலேயே ஊர்ந்துகொண்டிருக்கிறேன். அப்போது எதிரில் ஒரு பஸ் தெரிந்தது. மூன்றாவதுக்கு இறக்கி, பலகையோடு பலகையாக மிதித்தேன். அப்போதும் ஒரு நொடி ஒன்றுமில்லை. சரி, டிப்பரைத் தாண்டிவிட்டோம் என்று இடப்பக்கம் திருப்புகிறேன், அந்த நேரம் பார்த்து யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல் வண்டி பாய்ந்தது. ஸ்டீரிங் என் கையிலிருந்து தானாக இடப்பக்கம் பிடுங்கிக்கொண்டு போனது. தார் முடிந்து மண் தெரிந்தது. மண்ணில் ஓர் அம்மா நின்றிருந்தார்.

மொபெட்டை ஓரங்கட்டி, பின்னால் வைத்திருந்த தீவனக் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தாராம். டிப்பர் மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை. பெயர் முத்தாயி. ஐம்பத்திரண்டு வயது. இடுப்பெலும்பும் இடது காலும் நொறுங்கித் திருச்சி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். நம் பழைய வண்டியில் ஒரு கீறல் போட்டிருப்பேனா? இங்கே என் தம்பி செல்லதுரைகூட, "பதட்டத்துல மிதிச்சிருப்பக்கா" என்கிறான். உங்கள் அம்மா போன் செய்து, மருமகள் என்றுகூடப் பார்க்காமல், "இதுக்குத்தான் பொம்பளைக்கு ஸ்டீரிங் வேணாம்னேன்" என்றார்கள். வழக்கு பதிந்ததால் ஆபீசில் மெமோ கொடுத்திருக்கிறார்கள்.

நீங்கள் கார் சர்வீசில் பதினான்கு வருடமாக இருக்கிறீர்கள். சொல்லுங்கள். என் கால்தான் அப்படிச் செய்ததா?

கலையரசி

பெரம்பலூர்
28 ஜூன் 2025

அன்புள்ள கலை,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் நீ ஒழுங்காகச் சாப்பிடு. அம்மா பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே, அவர்களுக்கு அப்படித்தான் பேச வரும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சர்வீஸ் கவுண்டரில் தினமும் யாராவது கேட்கிற கேள்விதான்.

இன்ஜினுக்கு இரண்டு பலம் உண்டு. டார்க் என்பது முறுக்குகிற பலம். வீல் ஸ்பேனரை வைத்து இறுகிப்போன நட்டைத் திருப்ப எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறாயோ, அது. ஹார்ஸ்பவர் என்பது அதே அழுத்தத்தோடு எத்தனை வேகமாக நான்கு நட்டையும் கழற்றுகிறாய் என்பது. நிற்கிற வண்டியைக் கிளப்புவதும், பாரத்தோடு மேடு ஏற்றுவதும், முதுகில் தள்ளுகிற மாதிரி இருப்பதும் டார்க். வண்டி கடைசியில் எந்த வேகத்துக்குப் போகும் என்பது ஹார்ஸ்பவர்.

நம் பழைய வண்டியில் டர்போ கிடையாது. அதன் டார்க் கோடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். மிதித்த அளவுக்குத்தான் போகும், அதிர்ச்சி தராது. உன் கால் அதற்குப் பழகியது. புதிய வண்டியில் டர்போ இருக்கிறது. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகைதான் ஒரு சின்ன விசிறியைச் சுற்றி, உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கும். விசிறி வேகம் பிடிக்கும் வரைக்கும் கொஞ்சம் மந்தமாக இருக்கும். பிடித்ததும் சட்டென்று இழுக்கும். புதிதாக ஓட்டுகிற எல்லோருக்கும் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாற்றம் வரும். உனக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. அந்த வண்டியை நீ டவுனுக்குள் மட்டும்தானே எடுத்திருக்கிறாய்.

வக்கீலிடம் பேசினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும் என்கிறார். இழுத்தடித்தால் வண்டியைப் பிரித்துப் பார்க்கிறேன், அதைச் சோதிக்கிறேன் என்று வருடக்கணக்கில் அலைய விடுவார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே வந்து பார்த்து, பிரேக், டயர், விளக்கு எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அது அப்படியே இருக்கட்டும்.

தைரியமாக இரு.

காசிநாதன்

செந்துறை
4 ஜூலை 2025

காசிநாதனுக்கு,

நேற்று செல்லதுரையோடு ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டியில் இருந்த நில அளவைப் படக் கட்டை ஆபீசில் கேட்டிருந்தார்கள். கட்டை எடுத்துக்கொண்டு, வண்டிக் காகிதங்களையும் எடுத்துவிடலாம் என்று டேஷ்போர்டைத் திறந்தேன். வண்டியோடு கொடுத்த கையேட்டுக்குள் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது.

தாளில் இரண்டு கோடுகள், ஒன்று சாம்பல் நிறம், ஒன்று சிவப்பு. அடியில் இன்ஜின் சுற்று, பக்கவாட்டில் டார்க். மேலே நம் வண்டி எண். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையின் பெயர். தேதி 19 ஏப்ரல்.

ஏப்ரல் 19 அன்று கோயம்புத்தூருக்கு நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனீர்கள். தாம்பூலப் பைகூடக் கொண்டுவந்தீர்கள்.

நான் சர்வேயர். தாளில் கோடு இருந்தால் நிலம் எப்படிச் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்தே கண் பழகியவள். சாம்பல் கோடு ஆயிரத்து எழுநூற்றைம்பதில் தொடங்கி நாலாயிரம் வரை நூற்றெழுபதில் மேசை போல மட்டமாகக் கிடக்கிறது. அதுதான் வண்டியை வாங்கியபோது இருந்தது, இல்லையா? சிவப்புக் கோடு அப்படி இல்லை. இரண்டாயிரத்தில் அது சாம்பலுக்குக் கீழே கிடக்கிறது, வெறும் நூற்றுப் பத்து. அங்கிருந்து கிணற்றுச் சுவர் போல நிமிர்ந்து, மூவாயிரத்தில் இருநூற்று நாற்பதில் போய் நிற்கிறது.

டார்க்கைச் சுற்றால் பெருக்கி எதால் வகுத்தால் ஹார்ஸ்பவர் வரும் என்று தாளின் அடியிலேயே போட்டிருக்கிறது. அம்மாவின் போனில் கணக்குப் போட்டேன். பழைய நிலையில் இரண்டாயிரத்தில் நாற்பத்தெட்டு, மூவாயிரத்தில் எழுபத்து மூன்று. சிவப்புக் கோட்டில் இரண்டாயிரத்தில் முப்பத்தொன்று. மூவாயிரத்தில் நூற்றிரண்டு. தப்பாகப் போட்டுவிட்டேன் என்று மறுபடி போட்டேன். மறுபடியும் நூற்றிரண்டுதான் வந்தது. மூன்று மடங்குக்கும் மேலே. அந்த ஆயிரம் சுற்றுக்குள்தான் நான் அன்று மாட்டியிருக்கிறேன்.

ஸ்டேஷன் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செல்லதுரை, "என்னக்கா, என்ன ஆச்சு" என்று தண்ணீர் வாங்க ஓடினான். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

போன கடிதத்தில் டார்க், விசிறி, வீல் ஸ்பேனர் எல்லாம் எழுதினீர்கள். இந்தத் தாளைப் பற்றி ஒரு வரி இல்லை. வண்டியைப் பிரித்துப் பார்க்கும்படி விடாதே என்று மட்டும் இருந்தது. எனக்கு அப்போது புரியவில்லை.

இது என்ன என்று நீங்கள் எழுத வேண்டும்.

கலையரசி

பெரம்பலூர்
8 ஜூலை 2025

கலை,

உன் கடிதத்தை ஒர்க்ஷாப்பில் வைத்துப் படித்தேன். உள்ளே ஒரு வண்டி லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கச் சொல்ல மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆமாம். டர்போவைக் கழற்றிப் பெரியதாக மாட்டினேன். இன்ஜினை ஆள்கிற கம்ப்யூட்டரிலும் மாற்றி எழுதினார்கள். உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி ஓடவிட்டு, முன்னும் பின்னும் அளந்து கொடுத்த தாள்தான் அது. பெரிய விசிறி சுற்ற ஆரம்பிக்க அதிகப் புகை வேண்டும். அதனால் கீழே பலம் குறைந்துவிட்டது. சுற்ற ஆரம்பித்துவிட்டால் அடக்க முடியாது. முன்சக்கரத்தில் இழுக்கிற வண்டி என்பதால் திருப்பத்தில் அந்த இழுப்பு ஸ்டீரிங்கையும் சேர்த்துப் பிடுங்கும். எனக்கு இதெல்லாம் தெரியும். வருகிற பையன்களுக்கெல்லாம், "தம்பி, இதெல்லாம் பண்ணாதீங்க, வாரண்டி போயிடும், உயிரும் போயிடும்" என்று சொல்கிறவன் நான்தான்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். பதினான்கு வருடமாக அடுத்தவன் வண்டியை ஓட்டிப் பார்த்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறேன். நம் வண்டியில் ஒரு தடவை அப்படி முதுகு சீட்டில் ஒட்ட வேண்டும் என்று இருந்தது. நான்கு வழிச்சாலையில் விடியற்காலை தனியாக எடுத்துப் போவேன். மூவாயிரத்தைத் தொட்டதும் வயிற்றில் ஒரு கூச்சம் வரும் பார், அதற்காகத்தான். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. உன்னிடம் சொன்னால் எதற்கு என்று கேட்பாய், என்னிடம் பதில் கிடையாது. அதனால் கல்யாணம் என்றேன்.

இதோடு நிறுத்திவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். முடியவில்லை. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

மே கடைசியில் வேப்பூர் பக்கம் ஒரு கஸ்டமரைப் பார்க்கப் போனேன். ஒரு டிராக்டரைத் தாண்டினேன். நீ எழுதியிருந்ததேதான் நடந்தது. முதலில் ஒன்றுமில்லை, பிறகு மொத்தமாக வந்தது. ஸ்டீரிங் பிடுங்கியது. மண்ணில் இறங்கி, ஒரு வயல் கிணற்றின் கட்டைச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இறங்கி வாந்தி எடுத்தேன். மறுநாளே பட்டறைக்குப் போன் செய்து, பழையபடி மாற்றிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். ஜூன் 21 வரச் சொன்னார்கள்.

நீ வண்டியை எடுத்தது ஜூன் 16.

அன்று காலை பஸ்ஸை விட்டுவிட்டு, படக் கட்டோடு திரும்பி வந்து கேட்டாய். "மாமா, வண்டிய எடுத்துக்கட்டுமா?" நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கோயம்புத்தூர், கல்யாணம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நீ மெதுவாகத்தானே ஓட்டுவாய், ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். "எடுத்துக்க" என்றேன்.

இதை என் கையால் எழுதிவிட்டேன். இனி நீ என்ன செய்தாலும் சரி.

காசிநாதன்

செந்துறை
12 ஜூலை 2025

உங்கள் கடிதம் நேற்று வந்தது. ஒரு முறைதான் படித்தேன். இரண்டாவது முறை "சவரம் செய்துகொண்டிருந்தேன்" என்ற இடம் வரைக்கும்தான் போக முடிந்தது.

பெரிய டர்போ மாட்டியதைக்கூட ஆசை என்று விட்டுவிடலாம். அது எப்படிப் பாயும் என்று உங்களுக்குத் தெரியும். உடம்பால் தெரியும். அந்தச் சாவியை என் கையில் கொடுத்தீர்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

இன்று திருச்சிக்குப் போய் முத்தாயியைப் பார்த்தேன். வாசலோடு திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. மகள் அனிதா திருப்பூர் பனியன் கம்பெனியில் லீவு சொல்லி வந்து கூட இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "யாரு உங்கள உள்ள விட்டது?" என்று கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் கும்பிட்ட கையோடு நின்றேன்.

முத்தாயிதான், "இரு, நா பேசுறேன்" என்றார். பிறகு என்னிடம் சொன்னார்:

"அன்னிக்கு ஒன் மொகத்தப் பாத்தேன் பாப்பா. கண்ணாடிக்குள்ளாற தெரிஞ்சுது. வண்டி பாஞ்சு வருது, நீ ஸ்டேரிங்க புடிச்சு ரோட்டுப் பக்கமா இழுக்குற. என்னய விட நீதான் பயந்துபோயிருந்த. வேணும்னு வர்றவ மொகமா அது? போலீசுலயும் அதத்தான் சொன்னேன். எழுதிக்கிட்டாங்களோ என்னவோ."

கேட்டீர்களா? இத்தனை நாளில் என்னை நம்பிய ஒரே ஆள், நான் இடுப்பை உடைத்த ஆள். அனிதா என்னைப் பார்த்து, "அப்ப வண்டி ஏன் அப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். பதில் என் கைப்பைக்குள் நான்காக மடித்துக் கிடந்தது. "தெரியல" என்று சொல்லிவிட்டேன். அவளிடம் நானும் ஒரு பொய் சொல்லிவிட்டேன்.

நான் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதில்லை. வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தத் தாளையும், நீங்கள் எட்டாம் தேதி எழுதிய கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. போட்டோ எடுக்கவில்லை. செல்லதுரைக்குக்கூடத் தெரியாது. இரண்டையும் அடுப்பில் போட்டால் உங்களை யாரும் ஒன்றும் கேட்க முடியாது, வண்டி சரி என்றுதான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாகிவிட்டதே. நான்தான் பைத்தியக்காரி மாதிரி கோடு, கோடு என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

உங்களோடு பதினோரு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கலையரசி

பெரம்பலூர்
21 ஜூலை 2025

கலை,

தாள் கைக்கு வந்தது. நீ நகல் எடுக்கவில்லை என்று எழுதியதை நம்பினேன். பொய் சொல்லும் ஆள் நீ இல்லை. மூன்று நாள் அது சாமி அலமாரியில் இருந்தது. அடுப்பு ஞாபகமும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

வியாழக்கிழமை ஸ்டேஷனுக்குப் போனேன். உன்னைப் பார்த்துச் சிரித்தார் என்று எழுதியிருந்தாயே, அவர்தான் இருந்தார். சொன்னேன். "பொண்டாட்டிய காப்பாத்த கத கட்டுறியா?" என்றார். தாளைக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டரை வரவழையுங்கள், அவர் ஓட்டிப் பார்க்கட்டும் என்றேன்.

மறுநாள் அவர் வந்தார். முன்பு பார்த்தவரேதான். முன் பம்பர் உடைந்திருக்கிறதே தவிர வண்டி ஓடும் நிலையில்தான் இருந்தது. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்துக்குக் கொண்டுபோனோம். "சார், மூணாவது கியர்ல மெதுவா போயிட்டு முழுசா மிதிங்க. மிதிச்சதும் லேசா லெஃப்ட்ல திருப்புங்க. ஸ்டீரிங்க இறுக்கிப் புடிச்சுக்குங்க சார்" என்றேன். "நான் முப்பது வருசமா வண்டி பாக்குறவன்யா" என்று ஏறி உட்கார்ந்தார்.

முதலில் இன்ஜின் சத்தம் மட்டும் வந்தது. அவர் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துச் சிரித்ததுகூடத் தெரிந்தது. அடுத்த நொடி வண்டி இடப்பக்கம் வெட்டிக்கொண்டு மதில் சுவரைப் பார்த்துப் பாய்ந்தது. புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. பிரேக் சத்தம் கேட்டது. ஓடினோம். சுவருக்கு முன்னால் நின்றிருந்தது. கதவைத் திறந்து இறங்கினார். பானெட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஸ்டேஷன்காரர், "சார், சார்" என்கிறார், அவர் காதில் விழவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இதயாய்யா அந்தம்மாகிட்ட குடுத்த?"

நான் தலையாட்டினேன்.

"நான் பானெட்டத் தொறந்துகூடப் பாக்கலயே. எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேனே" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

புதிதாக அறிக்கை எழுதிவிட்டார். வழக்கில் என் பெயரைச் சேர்க்கிறார்கள். உன் மேல் உள்ளதை நீக்கலாமா என்று கோர்ட்தான் சொல்ல வேண்டும். உன் லைசென்சையும் போனையும் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். வண்டியின் பதிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒர்க்ஷாப்பில் முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார். நியாயம்தான்.

அம்மாவிடம் உட்காரவைத்துச் சொன்னேன். "அந்தப் புள்ளைய என்ன பேச்சு பேசிட்டேன்டா பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

திருச்சிக்குப் போய் முத்தாயியிடமும் அனிதாவிடமும் சொல்லிவிட்டேன். முத்தாயி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நீ எப்போது வீட்டுக்கு வருவாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

காசிநாதன்

செந்துறை
9 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு,

போன் வந்துவிட்டது. இருந்தாலும் எழுதுகிறேன். போனில் உங்கள் குரலைக் கேட்டால் ஏதாவது சரி என்று சொல்லிவிடுவேனோ என்று இருக்கிறது.

நீங்கள் ஸ்டேஷனுக்குப் போனது எனக்கு அதிர்ச்சிதான். போகமாட்டீர்கள் என்று நினைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அந்தக் கடிதத்தைச் செல்லதுரையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு வெளியே போய் நின்றான். பிறகு வந்து, "பதட்டத்துல மிதிச்சன்னு சொல்லிட்டேன்ல" என்றான். ஆபீசில் மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கோர்ட் தேதி அடுத்த மாதம்.

வீட்டுக்கு வருவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போது வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது. "எடுத்துக்க" என்று நீங்கள் சொன்ன அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. சாதாரணக் குரல். அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை எனக்கு. இனி நீங்கள் எதைச் சொன்னாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று தேடுவேன். அப்படித் தேடிக்கொண்டே ஒரு வீட்டில் எப்படி இருப்பது? அது போனால் வருகிறேன். போகுமா என்று தெரியவில்லை. எழுதுங்கள்.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து முத்தாயியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலில் இன்னும் கம்பி இருக்கிறது. இடுப்பு கூடிவிட்டது. அனிதா வாடகைக் கார் பேசியிருந்தாள், அது வரவில்லை. நான் செல்லதுரையோடு அவனுடைய பழைய டீசல் வண்டியில் போயிருந்தேன். அவன் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். முத்தாயி சக்கர நாற்காலியில் இருந்தபடி அவனையும் என்னையும் பார்த்தார்.

"அந்தப் பாப்பா ஓட்டட்டும்" என்றார்.

அனிதா, "அம்மா, என்னம்மா பேசுற நீ" என்றாள். நடந்ததற்குப் பிறகு நான் ஸ்டீரிங்கைத் தொடவில்லை. முடியாது என்று கையை ஆட்டினேன்.

"நீ ஓட்டுனாத்தான் ஏறுவேன். இல்லன்னா இங்கயே குந்திருக்கேன்" என்றார்.

ஓட்டினேன். அந்த வண்டியில் கீழேயிருந்தே டார்க் இருக்கிறது. மிதித்த உடனே, மிதித்த அளவுக்குத் தள்ளுகிறது. எதையும் ஒளித்து வைத்திருந்து பிறகு தருவதில்லை. முதல் பத்துக் கிலோமீட்டரில் நான் மூச்சே விடவில்லை என்று செல்லதுரை சொல்கிறான். பிறகு என் கால் எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஒரு மேட்டில் கரும்பு டிராக்டர் ஒன்றைத் தாண்டினேன். பின் சீட்டில் முத்தாயி கால் நீட்டிப் படுத்திருந்தார். கண்ணாடியில் பார்த்தேன், தூங்கிவிட்டிருந்தார்.

அவர்கள் தெருவில் நிறுத்தியபோது சொந்தக்காரர்கள் இருபது பேர் வாசலில் நின்றிருந்தார்கள். நான் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கியதும் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. அவர் கொழுந்தனார் என்னை அடையாளம் கண்டு இரண்டடி முன்னால் வந்தார். கை ஓங்குவாரோ என்று நினைத்தேன்.

பின் கதவு திறந்தது. முத்தாயியின் குரல் கேட்டது.

"என்னாத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? நாந்தான் ஓட்டச் சொன்னேன். வந்து கால புடிங்க."

கலையரசி